நெடும் புதினமும் மாணவன் நெஞ்சமும்

ஒரு நூலைக் கற்றல் வேறு; ஒரு நூலைப் பற்றிக் கற்றல் வேறு. முன்னதில் நூலும் நெஞ்சமும் நேர் நிற்கின்றன. பின்னதில் இடையே பிறர் உரை நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நெடும் புதினங்களைப் பொறுத்தவரை, நம் மாணவர் பலரும் இரண்டாவது வழியிலேயே செல்கின்றனர். எழுநூறு பக்க நூல் ஏழு பக்கக் கதைச்சுருக்கமாகக் கைக்கு வருகிறது. தேர்வு முடிந்ததும் அதுவும் மறைந்துவிடுகிறது. முழு நூலையும் பயின்று, தன் உள்ளம் கண்டதைத் தானே எழுதும் மாணவன் பெறுவது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீளத்தின் காரணம்

இப்புதினங்கள் ஒரே மூச்சில் படிப்பதற்கென எழுதப்பட்டவை அல்ல. சார்ல்ஸ் டிக்கன்ஸ் (1812–1870) எழுதிய ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’, 1849 மே முதல் 1850 நவம்பர் வரை 19 மாதப் பகுதிகளாக வெளிவந்தது. ஒரு பகுதிக்கு 32 பக்கங்கள். விலை ஒரு ஷில்லிங். இறுதிப் பகுதி மட்டும் இரட்டைப் பகுதி. அக்காலத்தில் மூன்று தொகுதிகளாக வந்த புதினத்தின் விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். எளியோர் வாங்க இயலாத விலை இது. ஆதலின் மாதப் பகுதிகளும் சந்தா நூலகங்களும் வாசகரை வளர்த்தன. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்ததை எண்ணிப் பார்த்தால், இம்முறை நமக்கும் அயலானதன்று என்பது விளங்கும். காத்திருந்து, சிறிது சிறிதாகப் படிக்க வேண்டிய நூலை ஓரிரவில் விழுங்க முயல்வதே அலுப்பிற்கு முதற்காரணம் எனலாம்.

தமிழர் கண்ட மறுமொழி

மேலை நாட்டுப் புதினத்தைக் கற்ற தமிழர், கற்றதோடு நின்றாரல்லர். நமக்கு அண்மையிலுள்ள தரங்கம்பாடியிலும், பின்னர் மாயூரத்திலும் முன்சீபாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை, 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை வெளியிட்டார். கண்டியில் வாழ்ந்த சித்திலெப்பை 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ தந்தார். 1872இல் பிறந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற இருவருள் பி. ஆர். ராஜமய்யர் ‘கமலாம்பாள் சரித்திர’த்தையும், அ. மாதவையா ‘பத்மாவதி சரித்திர’த்தையும் எழுதினர். நம் எல்லையை அடுத்த நாகூரில், மூன்றாம் வகுப்பே பயின்ற சித்தி ஜுனைதா பேகம், 1938இல் ‘காதலா கடமையா’ என்னும் புதினத்தை வெளியிடும் அளவிற்கு இவ்விலக்கிய வகை இங்கே வேரூன்றியது.

மாணவப் பருவ வாசிப்பைத் தாமே பதிவு செய்தவர் சென்னையில் பிறந்த ஆர். கே. நாராயண் (1906–2001). தந்தையார் தலைமையாசிரியராக இருந்த மைசூர்ப் பள்ளியின் நூலகத்தில் ஸ்காட், டிக்கன்ஸ் ஆகியோரின் நூல்களை அவர் விரும்பிப் பயின்றார். திருமதி ஹென்றி வுட் எழுதிய ‘ஈஸ்ட் லின்’ (1861) தம்மை அழச் செய்ததைத் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் மறைக்காமல் எழுதியுள்ளார். இத்துணை படித்தவர் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோல்வியுற்றார் என்பதும் நோக்கத்தக்கது. மதிப்பெண் ஓர் அளவுகோல். வாசிப்பு அதனுள் அடங்குவதன்று.

கருக்களாச்சேரி மாணவரின் குறிப்பேடு

கடற்கரைச் சிற்றூராகிய கருக்களாச்சேரியிலிருந்து பயில வந்த மாணவர் ஒருவர், ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ புதினத்தை மீன்பிடித் தடைக்காலத்தில் படித்தார். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள். புதினத்தின் இயல்களோ 64. நாளொன்றுக்கு ஓர் இயல் என்னும் கணக்கில் படித்துக் குறிப்பெழுதி வந்தார். அவற்றுள் நான்கு குறிப்புகள் இங்கே கருதத்தக்கவை.

முதலாவது, யார்மத் கடற்கரையில் கரையேற்றிய பழைய படகையே வீடாக்கி வாழும் மீனவர் பெகோட்டியைப் பற்றியது. கடலில் மாண்ட உறவினரின் மக்களாகிய ஹாமையும் எமிலியையும், தொழில் கூட்டாளியின் கைம்பெண்ணையும் அவர் பேணி வளர்க்கிறார். மாணவர் எழுதினார்: “கடலுக்குப் போய்த் திரும்பாதவன் பிள்ளையைச் சித்தப்பன் வளர்ப்பது எங்கள் ஊரில் நடப்பதுதான். அதைப் பெருந்தன்மை என்று யாரும் சொல்வதில்லை, முறை என்பார்கள்.”

இரண்டாவது, மிக்காபர் கடனால் சிறை செல்லும் பகுதி. பிறர் நகைக்கும் இடத்தில் இவருக்கு நகை தோன்றவில்லை. “மீன் ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கிய வீட்டில் பிறந்தவனுக்கு இது வேடிக்கையாக இல்லை” என்பது குறிப்பு. டிக்கன்சின் தந்தையாரும் 1824இல் கடனுக்காகச் சிறைப்பட்டவரே என்பதைப் பின்னர் அறிந்து அவர் வியந்தார்.

மூன்றாவது சினக் குறிப்பு. ஹாமுக்கு உறுதி செய்யப்பட்ட எமிலியை ஸ்டீயர்ஃபோர்த் அழைத்துச் சென்று, பின் கைவிடுகிறான். “எமிலிக்கு ஊரைவிட்டு ஆஸ்திரேலியா. அவனுக்கு நண்பனின் கண்ணீர். இது என்ன நியாயம்?”

நான்காவது, ஐம்பத்தைந்தாம் இயலின் புயல். உடைந்த கப்பலில் இருப்பவனைக் காக்க, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கடலில் இறங்கும் ஹாம் மாள்கிறான். கப்பலில் இருந்தவன் ஸ்டீயர்ஃபோர்த்தே. 26.12.2004 ஆழிப்பேரலையைக் காணாத வயதினர் இம்மாணவர். ஆயினும் அதைக் கேட்டே வளர்ந்தவர். “டேவிட் அலையின் உயரத்தைச் சொல்கிறார். புயலன்று எங்கள் பாட்டி அலையைப் பார்ப்பதில்லை, எத்தனை படகு திரும்பின என்று எண்ணுவார்” என்று எழுதினார்.

உணர்வும் ஆய்வும்

இக்குறிப்புகளை வெறும் உணர்ச்சி என ஒதுக்கலாகாது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டிற்கெனத் தனி இயலே வகுத்தார். அழுகையும் வெகுளியும் இலக்கியத்தின் புறத்தே நிற்பவை அல்ல. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். கரையில் நின்று படகை எண்ணும் பாட்டியைக் கொண்டு யார்மத் கடலை அளந்த மாணவர், திணைக் கோட்பாட்டை ஏட்டிலிருந்து வாழ்விற்குக் கொணர்ந்துவிட்டார்.

எனினும், மறுமொழி அவ்வளவில் நின்றுவிடலும் ஆகாது. அது மூலத்தோடு மீண்டும் ஒப்பிடப்பட வேண்டும். “தம்பி, புயலைச் சொல்பவர் டிக்கன்சா, டேவிடா?” என்று வினவியபோது மாணவர் அவ்வியலை மறுபடியும் படித்தார். கதைசொல்லி டேவிட். அவன் அக்கரைக்கு விருந்தினன்; விருந்தினன் கண்ணுக்கு முதலில் தெரிவது அலையே. கயிற்றைப் பிடித்து நின்றோரைப் பெயர் சொல்லாமல் அவன் கடந்து செல்வதையும் மாணவர் கண்டார். இது ஆசிரியர் வைத்த எல்லையா, ஆசிரியருக்கே இருந்த எல்லையா என்ற வினாவோடு குறிப்பேடு முடிகிறது. முதுகலை ஆய்விற்கும் போதுமான வினா அது. எந்த வினாவிடைத் தொகுப்பிலிருந்தும் அது பிறந்திருக்க இயலாது.

முடிவுரை

மாணவச் செல்வங்கள் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளலாம். நாளுக்கு ஓர் இயல் போதும். அருஞ்சொல் ஒவ்வொன்றிற்கும் அகராதியை நாடாமல், கதையோட்டத்தைத் தடுக்கும் சொல்லுக்கு மட்டும் நாடுக. அலுப்பு வந்தால் அதையும் தேதியிட்டு எழுதுக. அதுவும் ஒரு வாசகக் கருத்தே. உரைநூலைக் கடைசியில் திறக்கவும். உங்கள் கருத்து அதனோடு மாறுபடின் அஞ்ச வேண்டா. மூலத்தைத் திரும்பப் பார்த்துத் தெளிக.

ஆசிரியப் பெருமக்கள் விடைத்தாளில் மாணவரின் சொந்த வரி ஒன்றைக் கண்டால் அதைப் போற்றுதல் வேண்டும். பெரியோர்கள், பாடநூல் அல்லாத தடித்த நூலோடு பிள்ளை அமர்ந்திருப்பதை வீண்பொழுது எனக் கருதாதிருத்தல் வேண்டும். பிறர் கடலைப் படிக்கும் பிள்ளை, நம் கடலை எழுதவும் கற்றுக்கொள்கிறது. கருக்களாச்சேரியின் கதை இன்னும் நெடும் புதினமாக எழுதப்பட வேண்டியிருக்கிறது. அதை எழுதுவதற்குரியவர் நம் வகுப்பறைகளிலேயே அமர்ந்திருக்கலாம்.