கூரையில்லா ஜீப்புக்கு சீட் பெல்ட்

கேள்வி: அப்பா ஓட்டிய பழைய மகிந்திரா ஜீப்புக்குக் கூரை இல்லை. சீட் பெல்ட் மாட்ட முடியுமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: முடியும். ஆனால் முதலில் ரோல் பார் (இருக்கைக்குப் பின்னால் வளைந்து நிற்கும் இரும்புக் குழாய்), பிறகுதான் பெல்ட். இடுப்பு பெல்ட் மட்டும் போட்டால், மோதும்போது மார்பு ஸ்டியரிங்கில் இடிக்கும். தோள் வாரும் வேண்டும். அதன் மேல் முனை தோள் உயரத்திலோ சற்று மேலேயோ இருக்கட்டும். தாழ்ந்திருந்தால் வார் தோளைக் கீழே அழுத்தி முதுகெலும்பை நசுக்கும். தூணில்லாத வண்டியில் அந்த உயரத்தைத் தருவது ரோல் பார்தான். வண்டி கவிழ்ந்தால் தலையைக் காப்பதும் அதுவே. அதன் கால்கள் சேஸிஸோடு இணைய வேண்டும்.

துருவேறிய தரைத் தகட்டில் வெறும் வாஷர் வைத்து பெல்ட்டை முடுக்காதீர்கள். ஒரே இழுப்பில் தகடு கிழிந்துவிடும். அடியில் கனத்த இரும்புப் பட்டை கொடுத்து, சீட் பெல்ட்டுக்கென்றே வரும் 7/16 அங்குல போல்ட்டைப் போடுங்கள். இடுப்பு வார் வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பில் படிய வேண்டும். காயலான் கடை பெல்ட் வேண்டவே வேண்டாம்: ஒருமுறை விபத்தைத் தாங்கிய நாடா மறுமுறை தாங்காது. வேலைக்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி கேட்டுவிடுங்கள்.