ஒட்டுச்செடி குட்டையாகவே இருக்குமா?

“ஒட்டுச்செடி என்றால் குட்டை மரம், டிரம்மில் வைத்துவிட்டு மறந்துவிடலாம்.” மாடித்தோட்டக்காரர்கள் பலர் இப்படித்தான் நம்புகிறார்கள். நர்சரிகளும் திருத்துவதில்லை, கன்று விற்கிறதே! ஒட்டுக் கட்டுவதால் கிடைப்பவை தாய்மரத்தின் அதே பழமும், சீக்கிரக் காய்ப்பும்தான். உயரத்தை அடக்குவது அடியிலுள்ள வேர்ச்செடி. இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையம் தந்த எம்9 வேர்ச்செடியில் ஒட்டிய ஆப்பிள் நிஜமாகவே குள்ளமாக நிற்கும். நம் ஊரில் மாங்கன்றை ஒட்டுவதோ பெரும்பாலும் கிடைத்த மாங்கொட்டையில் முளைத்த செடியின்மேல். தரையில் நட்டால் அது மாடியைத் தாண்டிவிடும்.

இயல்பிலேயே அடக்கமான மா வேண்டுமென்றால் அம்ரபாலி கேளுங்கள். தசேரியையும் நம் நீலத்தையும் சேர்த்து, டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ரகம். ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் என்று ஏமாற்றாது. அதற்கும் கத்தரி தேவை. ஒட்டுக்குக் கீழே வரும் துளிர்களையும் உடனே கிள்ளிவிட வேண்டும்.

“வெட்டினால் காய்க்காது” என்பார்கள். எந்த மாதம் வெட்டுகிறோம் என்பதே கேள்வி. மாவில் முற்றிய கிளை நுனியில்தான் பூ வரும். காய் பறித்த கையோடு, ஆடிக்குள் கவாத்து செய்தால் புதுத்தளிர் முற்றி மார்கழி, தையில் பூக்கும். ஐப்பசியில் கத்தரி வைத்தால் அடுத்த கோடைக்கு மாங்காய் கடையில்தான். கொய்யா நேர்மாறு, புதுத்தளிரிலேயே பூக்கும் என்பதால் வெட்ட வெட்டக் காய்க்கும். புதியவர்கள் மாவை விட்டுக் கொய்யாவில் தொடங்குவதே நல்லது என்பேன்.

டிரம்மின் அடியில் ஜல்லி பரப்பினால் நீர் வடியும் என்பதும் தப்பு. மேல்மண் முழுக்க ஊறும்வரை நீர் ஜல்லிக்குள் இறங்காது. வேர் சேற்றில் நிற்கும். துளைமேல் ஒரு வலைத்துண்டு போதும். சின்னக் கன்றை எடுத்த எடுப்பில் பெரிய டிரம்மில் வைத்தாலும் இதே ஈரச் சிக்கல்தான். படிப்படியாக மாற்றுங்கள்.

“மாடி தாங்கும், கவலை வேண்டாம்” என்பது ஆபத்தான நம்பிக்கை. 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக வெட்டி ஈரமண் நிரப்பினால் 150 கிலோவைத் தொடும். தென்னை நார்க்கழிவு கலந்தால் குறையும். ஆனாலும் தளத்தின் நடுவே அடுக்காதீர்கள். கீழே சுவரோ பீமோ உள்ள இடமாகப் பார்த்து வையுங்கள். பழைய கட்டடமென்றால் பொறியாளரைக் கேட்டபின் டிரம் வாங்குங்கள்.