இணையத்தில் ஆள் பிடிப்பது எப்படி? வீட்டுத் தொழில் செய்பவர்களுக்கு ஒரு பாடம்

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. இண்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. இதை வைத்து வீட்டுத் தொழிலுக்கு வாடிக்கையாளர்களைப் பிடிக்க முடியுமா? புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. முடியும். ஆனால் காசு கொடுத்து விளம்பரம் செய்வது கடைசிப் படி. அதற்கு முன்னால் செலவில்லாமல் செய்ய வேண்டிய வேலைகள் உள்ளன. அவற்றைப் பார்ப்போம்.

அசோக் நகரில் எங்கள் தெருவில், வீட்டிலேயே இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் அரைத்து விற்கும் ஒரு அம்மா இருக்கிறார். சமூக வலைத்தளம் ஒன்றில் பொடியின் படத்தைப் போட்டு, விளம்பரத்திற்கு 1,500 ரூபாய் கட்டினார். லைக்குகள் நூற்றுக்கணக்கில் விழுந்தன. ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை. "லைக்கை வைத்து மிளகாய் வாங்க முடியுமா சார்?" என்று என்னிடம் கேட்டார். விளம்பரம் யாருக்குக் காட்டப்பட வேண்டும் என்ற இடத்தைத் திறந்து பார்த்தேன். 'இந்தியா' என்று மட்டும் இருந்தது! கான்பூரில் இருப்பவர் படம் நன்றாக இருக்கிறதே என்று லைக் போடுவார். கால் கிலோ பொடி வாங்க அசோக் பில்லருக்கு வரமாட்டார்.

யாருக்கு விற்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் மவுஸைத் தொடாதீர்கள். நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. முருகவேல் ஜானகிராமன் 1997-ல் அமெரிக்காவில் வேலை பார்த்தபோது, தமிழர்களுக்கென்று ஒரு வெப்சைட் தொடங்கினார். அதில் பல பகுதிகள். வரன் தேடும் பகுதி அவற்றில் ஒன்றுதான். எந்தப் பக்கத்துக்கு ஆட்கள் அதிகம் வருகிறார்கள் என்று கவனித்தார். வரன் பகுதிதான் முன்னால் நின்றது. அதையே தொழிலாக்கினார். தமிழுக்கு ஒன்று, தெலுங்குக்கு ஒன்று என்று மொழிவாரியாகத் தளங்கள் வந்தன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த நிறுவனம் 2017-ல் பங்குச் சந்தைக்கும் வந்தது. எல்லோருக்கும் எல்லாம் என்று இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

பொடி அம்மாவுக்கு வாடிக்கையாளர் யார்? அசோக் நகர், கே.கே.நகர், மேற்கு மாம்பலம், வடபழனி. இந்த நான்கு இடங்களில், காலையில் அவசரமாக வேலைக்குக் கிளம்பும் குடும்பங்கள். இதை ஒரு தாளில் எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டச் சொன்னேன்.

எந்தச் சொல்லில் தேடுகிறார்கள்?

இதுதான் முக்கியமான பாடம். தமிழர்கள் தமிழில் தேடுவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பலர் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். இட்லி என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது சிலர் கடைசியில் 'ஐ' போடுவார்கள், சிலர் 'ஒய்' போடுவார்கள். 'கன் பவுடர்' என்று தேடுபவர்களும் உண்டு! (துப்பாக்கி மருந்து அல்ல, நம் மிளகாய்ப் பொடிதான்.)

இது நமக்கு மட்டும் உள்ள வழக்கம் இல்லை. பிலிப்பைன்ஸில் தகாலோக் மொழியையும் ஆங்கிலத்தையும் கலந்து பேசுவதற்கு 'டாக்லிஷ்' என்றே பெயர். அங்கே விளம்பரங்களிலும் அந்தக் கலப்பு மொழி சாதாரணம். அங்கே கிறிஸ்துமஸ் பேச்சு செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். டிசம்பரில் விளம்பரம் செய்பவர் மூன்று மாதம் தாமதம். மக்களின் பேச்சும் பண்டிகையும் தெரியாமல் எந்த ஊரிலும் விற்க முடியாது.

சரி, எந்தச் சொல் அதிகம் தேடப்படுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கூகுள் ட்ரெண்ட்ஸ் என்ற இலவசத் தளத்தைத் திறங்கள். ஒரு சொல்லை டைப் செய்து, அருகில் இன்னொரு சொல்லைச் சேர்த்து ஒப்பிடுங்கள். நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்து, பிறகு கீழே வரும் பட்டியலில் தமிழ்நாட்டைக் கிளிக் செய்யுங்கள். எந்தக் கோடு மேலே போகிறதோ அந்தச் சொல்லை முதலில் பயன்படுத்துங்கள். அடுத்த சொல்லை விட்டுவிடாதீர்கள். இரண்டையும் எழுதுங்கள்.

எழுத்துருவில் ஒரு சிக்கல்

டி.டி.பி. கற்றவர்கள் கவனிக்கவும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்ததை அப்படியே இணையத்தில் ஒட்டினால், மற்றவர் கம்ப்யூட்டரில் அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். தேடுபொறிக்கும் அது தமிழ் இல்லை. யூனிகோடில் மட்டுமே அடியுங்கள். இன்றைய விண்டோஸில் மொழி அமைப்புக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் கீபோர்டு கிடைத்துவிடும். 1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையும் இருக்கிறது, ஆங்கில ஒலியில் அடிக்கும் முறையும் இருக்கிறது. எது கைக்கு வருகிறதோ அது போதும். விலைப்பட்டியலைப் படமாக மட்டும் போடாமல், அதே விவரத்தை எழுத்தாகவும் கீழே கொடுங்கள்.

கூகுள் மேப்பில் பதிவு

கூகுளில் தொழில் விவரத்தைப் பதிவு செய்வதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கட்டினால் முதலிடம் தருகிறோம் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். ஜிமெயில் கணக்கில் நுழைந்து கடையின் பெயர், தொழில் வகை, போன் நம்பர், நேரம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள் வீட்டு முகவரி எல்லோருக்கும் தெரியுமே என்று தயங்குகிறார்கள். நியாயமான தயக்கம்தான். நீங்களே கொண்டுபோய்க் கொடுப்பவராக இருந்தால் முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்தப் பகுதிகளுக்குக் கொடுப்பீர்கள் என்பதை மட்டும் காட்டலாம். பிறகு கூகுள் உங்களைச் சரிபார்க்கும். சிலரிடம் வீடியோ கேட்கும். பயப்பட வேண்டாம்.

பெயர் என்ற கட்டத்தில் கடைப் பெயரைத் தவிர வேறு எதையும் திணிக்காதீர்கள், அது கூகுளின் விதிக்கு மாறானது. விவரம் எழுதும் இடத்தில் பொருள்களின் பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுதுங்கள்.

வாட்ஸ்அப் பிசினஸ்

2018-ல் வந்த இந்தச் செயலி சிறு தொழிலுக்கு மிகவும் உதவும். பொருள், படம், விலை என்று ஒரு கேட்டலாக் போட்டு வைக்கலாம். பலருக்கு ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் பிராட்காஸ்ட் வசதியில் ஒரு நிபந்தனை உண்டு: உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டும்தான் செய்தி போகும். அதனால் பொடிப் பாக்கெட்டைக் கொடுக்கும்போதே நம்பரைச் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தினமும் 'குட் மார்னிங்' அனுப்பினால் பிளாக் செய்துவிடுவார்கள். வாரம் ஒருமுறை, புதிதாக அரைத்த அன்று அனுப்புங்கள்.

இனி விளம்பரம்

இப்போதுதான் காசு. பேஸ்புக் விளம்பரப் பக்கத்தில் இடம் என்ற பகுதியில் 'இந்தியா' என்பதை நீக்குங்கள். மேப்பில் உங்கள் பகுதியில் ஊசியைக் குத்தி, சில கிலோமீட்டர் சுற்றளவு மட்டும் கொடுங்கள். மொத்தச் செலவுக்கு உச்சவரம்பு வையுங்கள். முதல்முறை 300 ரூபாய் போதும். விளம்பரத்தைத் தட்டினால் வாட்ஸ்அப் திறக்கும்படி அமையுங்கள். அப்போது லைக்குக்குப் பதிலாக விசாரணை வரும்.

வெளிநாட்டுத் தமிழர்களை எட்ட நினைப்பவர்கள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். டொராண்டோ கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்னால். நம் இரவு எட்டு மணிக்கு அங்கே காலை நேரம். உணவுப் பொருளை அனுப்ப அந்தந்த நாட்டு விதிகள் வேறு. உள்ளூர் விற்பனை பழகும் வரை அதைத் தொடாதீர்கள் என்பேன்.

எக்செல்லில் ஒரு பைல் திறந்து தேதி, வாங்கியவர், 'எப்படித் தெரிந்தது' என்று மூன்று தலைப்புகள் போடுங்கள். ஆர்டர் கொடுப்பவரிடம் மூன்றாவது கேள்வியைக் கேட்டு எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து எண்ணிப் பாருங்கள். கூகுள் மேப் வழியாக எட்டுப் பேர், விளம்பரத்தால் ஒருவர் என்று வந்தால் அடுத்த 300 ரூபாயைக் கட்ட வேண்டாம். அந்தப் பணத்தில் பொடிக்கு ஒட்ட நல்ல லேபிள் அடிக்கலாம், அதில் வாட்ஸ்அப் நம்பரைப் பெரிய எழுத்தில் போட்டு.