பங்குனி வெயிலில் நீர்த்தொட்டிச் செப்பம்: சிவகாசித் தொழிலகத்தாருக்கு

பங்குனிப் பொங்கல் நெருங்கி, ஊரெங்கும் நீர்மட்டம் தாழ்ந்து கிடக்கிற இந்தச் சமயமே, சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பிரதேசங்களின் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழிலகங்களில் போல்ட்டு முடுக்கி நிறுத்திய எஃகு நீர்த்தொட்டிகளைத் திறந்து பார்க்கவும், பழுது நீக்கவும், உள்ளுறையை மாற்றவும் உகந்த காலமாகும். மாரியம்மனுக்குப் பங்குனியிலும் பத்ரகாளியம்மனுக்குச் சித்திரையிலும் பொங்கல் வைத்து ஆலைகள் மூடிக்கிடக்கும் தினங்களில், தீயணைப்புத் தொட்டி வெறுமையாக இருப்பினும் அதனால் எந்தத் தொழிலாளியின் உயிருக்கும் அபாயமில்லை. தீபாவளிக்குப் பிந்திய ஓய்வுக் காலத்தில் செய்யலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் அது வடகிழக்குப் பருவமழையின் காலம். ஈரம் படிந்த தகட்டில் பூச்சு சரியாகப் பற்றி நிற்பதில்லை.

பட்டாசு ஆலைக்குப் போல்ட்டுத் தொட்டியைப் போலப் பொருத்தமானது வேறில்லை என்பது என் கருத்து. பற்றவைப்பு இன்றியே எழுப்பப்படும் இத்தொட்டியை, பொறி பறக்காமலே பிரித்து, பழுது நீக்கி, மீண்டும் பூட்டிவிடலாம். ஆகையால், அரித்த தகட்டைக் கண்டவுடன் வெல்டிங்காரரை அழைப்பதும், துருவை நீக்க அரைக்கும் இயந்திரத்தை ஆலை வளாகத்துக்குள் கொண்டுவருவதும் அறவே கூடாதவை. வெல்டிங் தீ, பொறியை வாரி இறைப்பதோடு, சுற்றிலும் உள்ள துத்தநாகப் பூச்சையும் எரித்துவிடுகிறது. பழுதான தகட்டைக் கழற்றி வெளியே பட்டறைக்கு அனுப்பி, அங்கே மணல் வீச்சால் சுத்தம் செய்து பூச்சேற்றிக் கொண்டுவருவதே முறை. உள்ளே செய்ய வேண்டிய சிறு துப்புரவைப் பித்தளைத் தூரிகையாலும் நீராலும் செய்து முடிக்கலாம்.

எங்கே பார்ப்பது? நீரில் மூழ்கிய பகுதியைவிட, நீருக்கு மேலே ஆவி படிந்து வழியும் கூரையின் அடிப்புறமே பெரும்பாலும் முதலில் அரிக்கும். ஏணியில் ஏறி அதைப் பார்க்கும் பொறுமைதான் பலருக்கு இருப்பதில்லை. அடுத்தது, மண் மூடிக்கிடக்கும் அடி வளையம். அங்கே மண்ணை விலக்கிவிட வேண்டும். போல்ட்டுகளின் அடியிலுள்ள ரப்பர் வாஷர் வெயிலில் இறுகி வெடித்திருக்கிறதா என்றும், தகடுகளின் இணைப்பில் பூசிய ஒட்டுப்பசை விட்டுப்போயிருக்கிறதா என்றும் வரிசை வரிசையாகப் பார்த்துச் சுண்ணாம்புக் கட்டியால் அடையாளமிடுங்கள். மாற்றும்போது ஒரு போல்ட்டைக் கழற்றி, புதியதைப் பூட்டிய பின்னரே அடுத்ததைத் தொடுவது நல்லது. விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் கசிந்தாலும் நாளொன்றுக்கு 4 லிட்டருக்கு மேல், ஆண்டுக்கு 1500 லிட்டருக்கு மேல் போய்விடும். லாரித் தண்ணீரை விலை கொடுத்து வாங்கும் நாட்டில் இது சிறு நஷ்டமன்று. நஷ்டத்தினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு: ஈரம் பட்ட அலுமினியப் பொடி சூடேறி ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும் இயல்புடையதாதலால், கசியும் நீரை வெடிமருந்து அறையின் பக்கம் ஓடவிடலாகாது.

உள்ளுறையை மாற்றுவோர், பழைய உறையை எடுத்தபின் அடித்தளத்தைத் தடவிப் பார்த்து, கூரான கல்லோ கம்பி முனையோ இன்றிச் சமன் செய்து, தடித்த கம்பளத் துணியை விரித்து, அதன்மேலேயே புதிய உறையை இறக்க வேண்டும். பெரும்பாலும் கிழிவது மூலைமடிப்பும் குழாய் வெளியேறும் வாயுமாகும். பிளாஸ்டிக் உறையை விரிக்கையில் நிலைமின்சாரம் பிறக்கும். ஆகவே அதை மருந்து அறைக்கு அருகில் வைத்து விரிக்கலாகாது. வேலை செய்வோர் பருத்தியாடையே உடுத்த வேண்டும். உறைக்குப் பதிலாக எபாக்சி பூசுவோர், தகட்டின் வெப்பம் பனிப்புள்ளியினும் 3 பாகையாவது கூடுதலாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்பது விதி. ஆனால் இங்கே பங்குனிப் பகலின் தகடு கையை வைக்க முடியாத அளவுக்குக் காய்ந்துவிடுவதால், பூச்சு கொப்பளிக்கும். அதிகாலையில் தொடங்கி, வெயில் ஏறுமுன் நிறுத்துங்கள். கரைப்பானின் ஆவி தொட்டிக்குள் தேங்கி மயக்கம் தரும். காற்றோட்டம் இல்லாமலும், வெளியே ஒருவர் காவலிராமலும் எவரும் உள்ளே இறங்கலாகாது. அவசரத்தில் மறக்கப்படும் இந்த ஒன்றே உயிரைக் கொள்ளும்.

பூச்சோ பசையோ உலர்வதற்கு அதைத் தயாரித்தவர் குறித்த நாட்களைக் குறைக்காமல் விட்டு, பிறகு மூன்றில் ஒரு பங்காக நீர் நிரப்பி, ஒவ்வொரு கட்டத்திலும் இணைப்புகளைப் பாருங்கள். 1 லட்சம் லிட்டர் என்பது 100 டன் எடை. அது ஒரே மூச்சில் ஏறக்கூடாது. நிரம்பியபின் மட்டத்தைக் குறித்து, ஒரு வாளி நீரைத் தொட்டிக்குள்ளேயே மிதக்கவிட்டு, இரண்டின் குறைவையும் ஒப்பிட்டால், ஆவியானது எவ்வளவு, கசிந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலைத் தீ விபத்தில் ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். அத்தகைய பெருந்தீயை ஒரு தொட்டி மட்டும் அணைத்துவிடாது என்றாலும், சிறு தீ பெருந்தீயாகுமுன் கைக்கு எட்டும் நீர் இருந்தே தீர வேண்டும். ஆகையால், விடுமுறை முடியும் நாளில் வேலை முற்றுப்பெறாவிடில், மாற்றுத் தொட்டி நிறுத்துங்கள். எப்படியாயினும், பம்பை ஓட்டிக் குழாய் முனையில் நீர் வரக் கண்ட பின்னரே மருந்து அறையின் பூட்டைத் திறக்க வேண்டும்.