சடையின் இறுக்கமும் தலையின் நோவும்

பெண் குழந்தையின் தலையை வாரிப் பின்னிவிடுகிற காரியம் நம் வீடுகளில் பாட்டியிடமிருந்து தாய்க்கும் தாயிடமிருந்து மகளுக்கும் கைப்பழக்கமாகவே வந்து சேர்வதாதலால், அந்தக் கைப்பழக்கத்தோடு கூடவே பல நம்பிக்கைகளும், எவரும் நின்று விசாரிக்காமலேயே, வந்து சேர்ந்துவிடுகின்றன. அவற்றுள் சில உண்மை. சில பாதி உண்மை. சில குழந்தைக்குத் தீங்கே விளைவிப்பவை. பள்ளிக்கூட வண்டி தெருமுனைக்கு வந்துவிடுமே என்ற பதற்றத்தில், ஒரு கையில் சீப்பும் மறு கையில் ரிப்பனுமாக நிற்கும் தாய்க்கு இவற்றைப் பகுத்துப் பார்க்க அவகாசம் இராது. அவகாசமுள்ள வேளையில் ஒருமுறை பார்த்துக்கொண்டால் காலை நேரமும் மிச்சமாகும், குழந்தையின் கண்ணீரும் மிச்சமாகும் என்பதனாலேயே இதை எழுதப் புகுந்தேன்.

எல்லாவற்றிலும் வேரூன்றிய நம்பிக்கை, இறுக்கிப் பின்னினால்தான் முடி நீளமாக வளரும் என்பது. தலைக்கு வெளியே நாம் காண்கிற முடி முழுவதும் உயிரற்ற பொருள்; உயிரும் வளர்ச்சியும் தோலுக்குள்ளே இருக்கும் வேர்க்காலில்தான் உண்டு. அந்த வேர்க்கால்கள், தலை ஒன்றுக்குச் சுமார் 1,00,000 என்ற கணக்கில், குழந்தை பிறப்பதற்கு முன்பே அமைந்துவிடுகின்றன. பிறந்த பிறகு புதிதாக ஒன்றும் தோன்றுவதில்லை. ஒவ்வொரு முடியும் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வீதம் 2 முதல் 6 வருஷங்கள் வரை வளர்ந்து, பிறகு மூன்று மாத காலம் ஓய்ந்திருந்து, தானே உதிர்ந்து, அந்த இடத்தில் புது முடிக்கு வழிவிடுகிறது. முடியைப் பிடித்து இழுப்பதால் இந்த வேகம் இம்மியும் கூடுவதில்லை. கூடுவது வேறொன்று: இடைவிடாத இழுப்பினால் வேர்க்காலைச் சுற்றிலும் அழற்சி உண்டாகி, முடி தன் காலம் முடியுமுன்பே கழன்று வருகிறது.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த சங்கதி அன்று. கிரீன்லாந்தில் கூந்தலை இழுத்துக் கட்டிக்கொள்ளும் வழக்கமுடைய பெண்களுக்கு நெற்றியோரத்து முடி அற்றுப்போவதை 1907-ஆம் ஆண்டிலேயே ஒரு மருத்துவர் எழுதிவைத்தார். தென்னாப்பிரிக்காவில் பள்ளிச் சிறுமிகளின் தலைகளைப் பரிசோதித்த தோல் மருத்துவர்களும், பின்னும்போது வலியும், பின்னிய பிறகு சிறு கொப்புளங்களும் கண்ட குழந்தைகளுக்கே இந்த முடியிழப்பு மிகுதியாக வருவதைக் கண்டு, வலிக்கிற பின்னலைக் குழந்தை பொறுத்துக்கொள்ளவே கூடாது என்று வற்புறுத்தினார்கள். நம் குழந்தைகளிடத்தில் இது காதுக்கு முன்னாலும், நெற்றிப்பொட்டின் மேலும், நடு வகிட்டின் இரு கரைகளிலும் முதலில் தலைகாட்டுகிறது. வகிடு வர வர அகலமாகிறதென்றால், அது பெரும்பாலும் பரம்பரையும் அல்ல, கண்ணேறும் அல்ல. தினந்தோறும் அதே இடத்தில் விழுகிற இழுப்பு. ஆரம்பத்தில் கவனித்துத் தளர்த்திவிட்டால் போன முடி திரும்பி வந்துவிடும். வருஷக்கணக்கில் விட்டுவிட்டாலோ வேர்க்கால் வடுவாகி மூடிப்போய், பிறகு எந்தத் தைலத்துக்கும் வசப்படாது.

இறுக்கத்தின் அளவை அறிவதற்குக் கருவி ஒன்றும் வேண்டியதில்லை. பின்னி முடித்தவுடன் குழந்தையைத் தன் பக்கம் திருப்பி முகத்தைப் பார்க்க வேண்டும். புருவங்கள் மேலேறி, கண்ணின் கடைக்கோடி சற்று இழுபட்டு, நெற்றியைச் சுருக்கச் சொன்னால் சுருக்க முடியாமல் விழிக்கிறாளென்றால் அந்தப் பின்னலை உடனே அவிழ்க்க வேண்டும். காதோரத்தில் கூந்தல் தொடங்கும் இடத்தை உற்றுப் பார்த்தால், முடியின் அடியில் தோல் சிறு சிறு புள்ளிகளாகக் கூம்பி நிற்பதும் தெரியும். அதுவே வேர்க்காலின் முறையீடு. மாலையில் ரிப்பனை அவிழ்த்ததும் குழந்தை இரு கைகளாலும் தலையைப் பரபரவென்று தேய்த்துக்கொள்வதைப் பல தாய்மார் சிரித்துக்கொண்டே பார்க்கிறார்கள். அது சிரிக்கிற விஷயமன்று. காலை எட்டு மணி தொடங்கி அவள் சுமந்த நோவை அவளுக்குத் தெரிந்த ஒரே பாஷையில் அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தளர்த்திப் பின்னினால் பத்து மணிக்கெல்லாம் கலைந்துவிடும், பள்ளியில் ஆசிரியை கோபிப்பார் என்று தாய்மார் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம்தான்; ஆனால் சடை நிலைப்பது இழுப்பினால் அன்று, சமத்துவத்தினால். மூன்று காலும் ஒரே பருமனாகப் பிரிந்திருந்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் கை ஒரே அளவு அழுத்தம் கொடுத்து, விரல்கள் பின்னல் விழுகிற இடத்துக்கு அருகிலேயே இருந்தால், அந்தச் சடை சாயங்காலம் வரை குலையாது. ஒரு கால் தடித்து மற்றொன்று மெலிந்துவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் குலையும். பிடரியில் முதல் இரண்டு மாற்றங்களைத் தளர்வாகவே விட்டு, மூன்றாவதிலிருந்து கையை அழுத்திக்கொண்டு போனால், தலைத்தோலுக்கு இழுப்பும் இல்லை, சடையின் உறுதிக்கும் குறைவில்லை. பள்ளிக்கூடங்கள் கேட்கிற மடித்துக் கட்டிய இரட்டைச் சடையிலும், ரிப்பன் முடிச்சு தலையோடு ஒட்டி விழாமல் சடையின் மேலேயே விழுமாறு ஒரு விரல் இடைவெளி விட்டுக் கட்டலாம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. துணி சுற்றாத வெறும் ரப்பர் வளையத்தைக் கூந்தலில் போடவே கூடாது. அதைக் கழற்றும்போதெல்லாம் நாலைந்து முடி அறுந்து அதனோடு போகிறது. வகிட்டையும் நித்தியம் ஒரே கோட்டில் எடுக்காமல், ஒருநாள் நடுவிலும் ஒருநாள் சற்றே ஓரத்திலுமாக மாற்றிக்கொண்டு வருவது நலம்.

அழகான பின்னலுக்கு நிறைய நேரம் வேண்டும், ஆகையால் வேலைக்குப் போகும் தாய்க்கு ஒற்றைச் சடையே கதி என்பது இன்னொரு நம்பிக்கை. மூன்று காலைக் காட்டிலும் சுலபமானது இரண்டே காலில் முடிகிற முறுக்குச் சடை. கூந்தலை இரண்டாகப் பகுத்து, இரண்டையும் தனித்தனியே வலப்புறமாக முறுக்கிக்கொண்டு, பிறகு ஒன்றின் மேல் ஒன்றாக இடப்புறமாகச் சுற்றிக்கொண்டே போய் நுனியில் கட்டிவிட்டால் தீர்ந்தது. கயிறு திரிப்பவர் தேங்காய் நாரில் செய்வதும் இதுவே: ஒவ்வொரு புரியும் தன் முறுக்கைப் பிரித்துக்கொள்ளப் பார்க்கிற முயற்சியே அதை மற்றொரு புரியோடு பிணைத்து வைக்கிறது. ஆகவே இங்கே இறுக்குவதற்கு அவசியமே இல்லை. இரண்டையும் ஒரே திசையில் முறுக்கி அதே திசையில் சுற்றினால் மட்டும் கையை எடுத்தவுடன் பிரிந்துவிடும். புதிதாகக் கற்கிறவர்கள் தவறுவது அந்த ஓரிடத்தில்தான். குழந்தையின் தந்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இதைக் கற்றுக்கொண்டுவிடலாம். பின்னல் பெண்களின் கைக்கே உரியதென்று எண்ணுவதற்கு ஆதாரம் ஏதும் இல்லை.

மீன்வால் பின்னல் என்று இப்போது சொல்லப்படுவதும் இரண்டு பகுதிதான். ஒரு பகுதியின் வெளி ஓரத்திலிருந்து மெல்லிய கற்றை ஒன்றை எடுத்து, மேலாகக் கொண்டுபோய் மறு பகுதியின் உள் ஓரத்தில் சேர்ப்பது, மறுபுறமும் அப்படியே. ஐந்துகால் பின்னலின் தோற்றம் வந்துவிடும். இதைச் சினிமா கொண்டுவந்த புது நாகரிகம் என்று வீட்டுப் பெரியவர்கள் சிலர் ஒதுக்குகிறார்கள். ஏதென்ஸ் நகரத்து அக்ரோபோலிஸ் குன்றின் மேல், கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் எழுந்த எரெக்தியோன் கோயிலின் தெற்கு மண்டபத்தில், தூண்களுக்குப் பதிலாக நின்று கூரையைத் தாங்கிய ஆறு கன்னிகைகளின் சிலைகள் இருந்தன; அவற்றின் முதுகுப்புறத்தில் தொங்குகிற தடித்த கூந்தலில் இந்த மீன்வால் பின்னலையே சிற்பி செதுக்கியிருக்கிறான். அது வெறும் கற்பனையா, தலையில் பின்னக் கூடியதா என்று ஐயுற்ற காதரின் ஷ்வாப் என்னும் பேராசிரியை, 2009-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்தில், தம் மாணவியர் ஆறு பேரின் கூந்தலை ஒரு சிகையலங்காரக் கலைஞரைக் கொண்டு அவ்வண்ணமே பின்னச் செய்து, பின்னக் கூடியதே என்று பிரத்தியட்சமாகக் காட்டினார். அந்தச் சிலைகளில் பின்னலுக்கு அலங்காரத்தோடு வேறொரு காரியமும் உண்டு: தடித்துத் தொங்கும் அந்தக் கூந்தல்தான், கூரையின் பாரத்தில் ஒடிந்துவிடாமல் மெல்லிய கழுத்துக்கு முட்டுக் கொடுத்து நின்றது.

இனி மொட்டை. பழனியிலோ திருப்பதியிலோ குலதெய்வத்தின் சந்நிதியிலோ முடி காணிக்கை செலுத்துவது பக்தியின் காரியம். அதில் குறுக்கிட எனக்கு உரிமையுமில்லை, விருப்பமுமில்லை. ஆனால் பிரார்த்தனை ஏதும் இல்லாமலே, முடி அடர்த்தியாக வளரும் என்பதற்காகக் குழந்தைக்கு இரண்டாவது மொட்டையும் மூன்றாவது மொட்டையும் போடுகிறார்களே, அதனால் பயனில்லை. மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறு ஆராய்ச்சியாளர், சவரம் செய்வதனால் முடி வளரும் வேகமோ பருமனோ மாறுவதில்லை என்பதை 1928-ஆம் ஆண்டிலேயே அளந்து காட்டிவிட்டார். தானாக வளர்ந்த முடியின் நுனி கூர்மையாயிருக்கும். கத்தி பட்ட முடி மழுங்கிய முனையோடு வெளிவருவதால் கைக்கு முரடாகவும் கண்ணுக்குக் கறுப்பாகவும் தோன்றுகிறது. மேலும், சிசுப் பருவத்துப் பூனைமுடி உதிர்ந்து தடித்த முடி வருகிற வயதும் மொட்டையடிக்கிற வயதும் ஒன்றாகவே அமைந்துவிடுவதால், இயற்கையின் வேலைக்குக் கத்தி புகழ் தேடிக்கொள்கிறது. நுனியை வெட்டினால் வளரும் என்பதும் இவ்வாறே. வெடித்த நுனியை நீக்கினால் சடை எலிவாலாகச் சூம்பாமல் இருக்கும், அதற்காக வெட்டலாம்.

எண்ணெய் விஷயத்தில் நம் பாட்டிமார் பாதி ஜெயித்திருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் முடியை வளர்க்கிறது என்பதற்குச் சான்றில்லை. வளர்ந்த முடியைக் காக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. 2003-ஆம் ஆண்டில் இந்திய ஆராய்ச்சியாளர் இருவர், தேங்காய் எண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்டுப் பார்த்து, முடியிலிருந்து புரதம் கழிந்துபோவதைக் குறைப்பது தேங்காய் எண்ணெய் ஒன்றே என்று கண்டார்கள். அவர்கள் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் வாசகர் அறிந்திருப்பது நல்லது. ஆயினும் அவர்கள் சொன்ன காரணம் பொருத்தமானது. தேங்காய் எண்ணெயில் மிகுந்திருக்கும் லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியதாயும் நேரானதாயும் இருப்பதால் முடித்தண்டுக்குள்ளே ஊடுருவிச் செல்ல வல்லது. எனவே எண்ணெயை முடியின் நீளத்துக்கும் நுனிக்கும் தடவுவதில்தான் பலன் அதிகம். உச்சந்தலையில் வழிய வழியத் தேய்த்துப் பின்னி அனுப்பினால் புழுதி படிவதே மிச்சம்.

ஈரத் தலையைப் பின்னக் கூடாது, பின்னினால் சளி பிடிக்கும் என்பதில் முடிவு சரி, காரணம் தவறு. சளியைக் கொண்டுவருவது வைரஸ். ஈரத்தோடு பின்னக் கூடாததற்குக் காரணம், நனைந்த முடி எளிதில் நீண்டு எளிதில் அறுவது. அந்த நிலையில் இழுத்துப் பின்னினால் நீண்டது மீளாமல் அங்கங்கே முறிந்துவிடுகிறது. ஆகையால் தலைக்குக் குளித்த நாளில் முதலில் ஆற்றி உலர்த்தி, அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கிப் படிப்படியாக மேலேறிச் சிக்கெடுத்து, அதன் பிறகே பின்ன வேண்டும். உச்சியிலிருந்து ஒரே இழுப்பாகச் சீவுவது சிக்கையெல்லாம் கீழே ஓரிடத்தில் கொண்டுபோய்த் திரட்டி வைப்பதாகும். சிக்கெடுக்கும்போது சீப்பில் வருகிற முடியைக் கண்டு கலங்கவும் வேண்டாம். பெரியவர் தலையில் நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயற்கை, இரண்டு நாள் அவிழ்க்காத சடையிலோ இரண்டு நாள் உதிர்ந்ததும் உள்ளேயே தங்கியிருந்து ஒருசேர வெளிவரும்.

கடைசியாகப் பேன். அழுக்குத் தலையில்தான் பேன் வரும் என்ற நம்பிக்கை எத்தனையோ சிறுமிகளை வகுப்பில் தலைகுனிய வைத்திருக்கிறது. அது முழுப் பொய். பேனுக்கு வேண்டியது இரத்தம். தினம் குளித்த தலையிலும் அது தாராளமாகக் கிடைக்கிறது. பேன் குதிப்பதில்லை, பறப்பதில்லை. ஒரு தலை இன்னொரு தலையில் படும்போது ஊர்ந்து போகிறது. பேனைக் கொல்ல மண்ணெண்ணெய் தடவுகிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருப்பது நெஞ்சை நடுங்கச் செய்கிறது; தோல் வெந்துபோவதும், அருகில் அடுப்பிருந்தால் தலை தீப்பற்றுவதும் நேரக் கூடியவை. தலையை நனைத்து வழவழப்பாக ஏதேனும் தடவிக்கொண்டு பேன் சீப்பால் கற்றை கற்றையாக வாருவதுதான் பழுதில்லாத வழி. இதற்கு மட்டும் ஈரத் தலை நல்லது, ஈரத்தில் பேனின் ஓட்டம் மட்டுப்படுகிறது. மருத்துவர் சொன்ன மருந்தைத் தடவினாலும், ஈர் பொரிய 7 முதல் 10 நாட்கள் ஆகுமாதலால், ஒன்பது நாள் கழித்து மறுமுறை பார்க்காவிட்டால் முதல் முயற்சி வீணாகும். தங்கைக்கு மருந்து தடவுகிற அன்றே அக்காளின் தலையையும் பக்கத்தில் படுத்துறங்கும் பாட்டியின் தலையையும் பார்த்துவிட வேண்டும். அந்த நாட்களில் கூந்தலை விரித்துவிடாமல் பின்னியே பள்ளிக்கு அனுப்புவது நல்லது. சீப்பும் மருந்தும் பட்டு நொந்திருக்கும் தலையாதலால், அப்போது இன்னும் தளர்வாகவே பின்ன வேண்டும்.