வன்னிக் குளக்கரைகளில் இலைவண்ணம்

'இலையுதிர்காலம்' என்னுஞ் சொல் நம் பாடப்புத்தகங்களிற் பயின்று வருவதாயினும், முன்னோர் வகுத்த பெரும்பொழுது ஆறனுள் அப்பெயருடையது ஒன்றுமில்லை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என மழையையும் பனியையும் வெயிலையும் கொண்டே அவர் ஆண்டைப் பகுத்தனர். காரணம் வெளிப்படை. நம் நாட்டு மரங்கள் யாவும் ஒருங்கே இலை உதிர்ப்பன அல்ல. ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிக்கணக்கு வைத்திருக்கின்றது.

கனடாவில் வாழும் நம் பழைய மாணவர் பலர் புரட்டாதி, ஐப்பசித் திங்கள்களில் ஒன்ராறியோ மாகாணத்து ஏரிப்புறங்களுக்குச் சென்று, மேப்பிள் மரங்கள் செந்நிறமும் பொன்னிறமும் பூண்டு நிற்பதைக் கண்டு களிக்கின்றனர். அப்படங்களைப் பார்க்கும் இங்குள்ள மாணாக்கர், இத்தகைய காட்சி நமக்கு வாய்க்கவில்லையே என ஏங்குவதுண்டு. வாய்த்திருக்கின்றது என்பதே எமது துணிபு. ஆனால் அது வேறு மாதத்தில், வேறு வகையில் வருவது.

மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ பளையிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்படுதல் நன்று. பளையில் நின்று பார்ப்பவருக்கு முதலிற் சிறிது ஏமாற்றமே உண்டாகும். எங்கும் தென்னையும் பனையுமே தோன்றும். புறத்தே வைரமுடையவற்றைப் புல் எனவும், அகத்தே வைரமுடையவற்றையே மரம் எனவும் தொல்காப்பியர் மரபியலில் வகுத்தார். அவர் கணக்கில் இவ்விரண்டும் புல்லினம். இவற்றுக்கு உள்ளது ஓலை. அது முற்றிக் காவோலையாகுமேயன்றிச் சிவப்பதில்லை. ஆயினும் பளை அமைந்துள்ள பிரிவின் பெயர் பச்சிலைப்பள்ளி. இலை காணச் செல்வோர் புறப்படுதற்கு இதனினும் பொருத்தமான பெயருடைய இடத்தை யாம் அறியோம்.

ஆனையிறவுக் கடனீரேரியைக் கடந்து பரந்தன் வழியாகக் கிளிநொச்சியை அடைந்தால், காட்சி மாறத் தொடங்கும். அரசு தன் பழைய இலைகளைக் கொட்டிவிட்டு இளஞ்சிவப்புத் தளிர்களை அசைத்துக்கொண்டு நிற்கும். வேம்பும் இலுப்பையும் செப்பு நிறத் தளிர் ஈனும். சற்றே அப்பால் இரணைமடு. கனகராயன் ஆற்றை மறித்து 1902 இல் தொடங்கி 1920 இல் நிறைவெய்திய பெருங்குளம். வன்னியின் நீர்க்கரைகளுக்கு உரிய மரம் மருது. அதன் வெளிறிய அடிமரத்தை நீரின் நிழலோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

எனினும், இப்பயணத்தின் பெரும்பயன் மாங்குளத்துக்குக் கிழக்கே, ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டுக் குளம் ஆகியவற்றை நோக்கிய காட்டுப்பாதையிலே கிட்டுவது. பாலையும் வீரையும் ஆண்டு முழுவதும் கரும்பச்சை மாறாதவை. அவற்றின் நடுவே, சிங்களத்திற் கோன் எனப்படும் கூழா மரம் தளிர்க்கும்போது, முடி முழுவதும் குருதிச் சிவப்பாய் நிற்பது, இருண்ட கோயில் மண்டபத்திலே தீபம் ஏற்றினாற் போலும். தூரத்தில் வருவோர் அதனைப் பூ என்றே மயங்குவர். சில வாரங்களில் அச்சிவப்பு செம்பாகி, இளம்பச்சையாகி, ஏனைய மரங்களோடு கலந்துவிடும். ஆகவே காலந் தப்பிச் செல்பவருக்கு அங்கே வெறுங்காடே எஞ்சும்.

இந்நிறங்கள் உண்டாகுமாற்றை மாணாக்கர் அறிதல் வேண்டும். பனிக்காலம் நெருங்கும்போது, குளிர்நாட்டு மரம் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, அதன் சத்தைத் தண்டுக்கு மீட்டுக்கொள்கின்றது. பச்சை நீங்கவே, முன்னரே மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படும். சிவப்போ அவ்வேளையிற் புதிதாக உண்டாகும் அந்தோசயனின் என்னும் நிறப்பொருளால் வருவது. நம் கூழாத் தளிரைச் சிவப்பிப்பதும் அதே இனத்து நிறப்பொருளே. பச்சையம் நிரம்பாத மெல்லிய தளிரைக் கடுவெயிலினின்றும் அது காக்கின்றது என்பர் ஒரு சாரார். இலை தின்னும் பூச்சிகளை விலக்குகின்றது என்பர் மற்றொரு சாரார். இரண்டும் உண்மையாதல் கூடும். அங்கு மூப்பிலே தோன்றும் வண்ணம் இங்கு பிறப்பிலே தோன்றுகின்றது. பள்ளிக்கூட வளவுகளில் நிழல் தரும் நாட்டு வாதுமை மட்டும் இதற்கு விலக்கு. அது உதிருமுன் சிவந்து, குளிர்நாட்டு மரத்தைப் போன்று நடந்துகொள்ளும்.

மாரி மழை ஓய்ந்த பின்னர், வெயில் ஏறும் காலத்தே தளிர்ப்பதற்கு நீர் ஏது? ஆழ வேரோடிய மரம் நிலத்தடி நீரை உண்ணும். குளத்தருகே கசிவும் உதவும். குளத்துக்கு மேலுள்ள காடு மண்ணைப் பிடித்து வைத்து, வண்டல் குளத்தை நிரப்பாமற் காக்கின்றது. இவ்விரண்டையும் தனித்தனியே பேணலாம் என எண்ணுவோர் இரண்டையும் இழப்பர்.

1990 இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் 2014 மார்ச்சிற் பளை வரையும், அவ்வாண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும் மீண்டது. பாதை மீண்டது, மரங்கள் அவ்வாறு மீளவில்லை. போர்க்காலத்திற் கண்டி வீதியின் இருமருங்கும் காடு வெட்டப்பட்டது. பளைத் தென்னைகள் எறிகணையால் முடியிழந்து நின்றதைக் கண்டோர் நம்முட் பலர். அதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. 2009 வரையான இடப்பெயர்வுகளில், ஒவ்வொரு காட்டுமரத்தையும் பெயர் சொல்லிக் காட்டவல்ல முதியோர் பலர் மறைந்தனர். மேப்பிளைப் படத்திலே கண்டு இனங்காணும் மாணாக்கர், கூழாவை நேரிற் கண்டும் பெயரறியாது நிற்கின்றனர்.

ஆதலின் உயர்வகுப்பு மாணாக்கர் ஒவ்வொருவரும் ஒரு மரத்தைத் தேர்ந்து, இலை உதிர்ந்து தீர்ந்த நாள், முதற்றளிர் தோன்றிய நாள், தளிர் பச்சையான நாள் ஆகிய மூன்றையும் குறிப்பேட்டில் எழுதிவருவாராக. மரத்தின் பெயரை ஊர்ப் பெரியவரிடம் கேட்டறிதல் வேண்டும். அவர் இருக்கும்போதே கேட்டல் வேண்டும். ஓராண்டுக் குறிப்பாற் பெரும்பயனில்லை. பத்தாண்டுக் குறிப்பு இருப்பின், மழை பிந்திய ஆண்டிலே தளிரும் பிந்தியதா என்பதை ஒப்பிட்டறியலாம்.

பயணம் போவோர்க்கு ஓர் எச்சரிக்கை. பளைக்கு வடக்கே முகமாலைப் பக்கத்திற் கண்ணிவெடி அகற்றும் பணி போர் முடிந்து பல்லாண்டு நீடித்தது. மண்டையோடு வரைந்த செந்நிறப் பலகை எங்கே நின்றாலும், அதற்கு அப்பாலுள்ள தளிர் எவ்வளவு அழகியதாயினும், தெருவில் நின்றே பார்த்தல் வேண்டும்.