ஓட்டத்துக்கு முன் குதிக்கலாமா?

குறுவட்டப் போட்டிகளில் 100 மீட்டர் ஓட்டத்துக்கு முன்பு நம் மாணவர்கள் செய்வது பெரும்பாலும் இரண்டுதான்: மைதானத்தைச் சுற்றி மெதுவாக ஓடுவார்கள், பிறகு உட்கார்ந்து கால் விரலைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருப்பார்கள். முதலாவது நல்லது. இரண்டாவதை மாற்றலாம். ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடித்தால், சற்று நேரத்துக்கு அதன் உதைக்கும் வேகம் குறையக்கூடும். அந்த இடத்தில் சில குதிப்புகளைச் சேர்த்துப் பார்க்கலாம்.

முழு வேகத்தில் ஓடும் தேர்ந்த வீரரின் பாதம் ஒவ்வோர் அடியிலும் ஏறத்தாழ 0.1 நொடிதான் தரையில் இருக்கிறது. அதற்குள் தசையும் தசைநாணும் ரப்பர் பட்டை போல இழுபட்டுச் சுருங்கி உடலை முன்னே தள்ள வேண்டும். குதிக்கும்போதும் நடப்பது இதுதான். பாண்டி ஆடும் சிறுமிகளின் கணுக்காலைக் கவனித்தால் புரியும். குதித்து முடித்த சில நிமிடங்களுக்குத் தசைகள் கூடுதல் விசையோடு இயங்குகின்றன.

ஆனால் குதிப்பு களைப்பையும் தரும். களைப்பு வடிய வேண்டும், விசையும் மிஞ்சியிருக்க வேண்டும். குதிப்புக்கும் ஓட்டத்துக்கும் இடையே ஐந்து நிமிடம் போல விடுவது நல்லது. நன்கு பயிற்சி பெற்றவர்களுக்கே பலன் அதிகம். புதிதாக வந்த மாணவருக்குக் களைப்பு மட்டுமே மிஞ்சலாம்.

எட்டு முதல் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு நான் கொடுப்பது இவ்வளவே: ஐந்து நிமிட மெல்லோட்டம், கால்களை முன்னும் பின்னும் வீசுதல், முழங்காலை அதிகம் மடக்காமல் முன்பாதத்தில் பத்துத் துள்ளல் இரண்டு முறை, அரைகுந்தலிலிருந்து ஐந்து குதிப்பு, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி இரண்டு 30 மீட்டர் ஓட்டம். மண் தரை அல்லது புல்தரை போதும். சிமெண்ட் தளம் வேண்டாம். கைபேசிக் காணொலிகளைப் பார்த்துப் பெஞ்சிலிருந்து குதித்து எழும்பும் பயிற்சியை இவர்களிடம் கொண்டுவர வேண்டாம். வேகமாக உயரம் கூடும் வயதில், முழங்கால் சில்லுக்குக் கீழே தசைநாண் எலும்பில் சேரும் இடம் எளிதில் புண்படும். அங்கே வலி என்று மாணவர் சொன்னால் அன்றே குதிப்பை நிறுத்திவிட வேண்டும்.

போட்டி நாளில் சிக்கல் வேறு. பெயரைக் கூப்பிட்டு வரிசையில் உட்கார வைத்த பிறகு அரை மணி நேரம் காத்திருப்பது நம் மைதானங்களில் புதிதல்ல. காலையிலேயே குதித்து முடித்த மாணவருக்கு அதற்குள் பலன் போய்விடும். கடைசித் துள்ளல்களை மிச்சம் வைத்து, முந்தைய ஹீட்ஸ் ஓடும்போது நின்ற இடத்திலேயே செய்யச் சொல்லலாம். இது மாணவருக்கே தெரிந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நாம் கயிற்றுக்கு வெளியே நிற்போம்.

பலன் உண்டா என்று பார்க்க ஸ்டாப்வாட்சை ஒருமுறை அழுத்தினால் போதாது. கையால் எடுத்த 100 மீட்டர் நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 நொடி கூட்டுவது வழக்கம். நாம் தேடும் முன்னேற்றமோ அதைவிடச் சிறியது. ஒரே மாணவரை மூன்று நாள் குதிப்புடனும் மூன்று நாள் குதிப்பின்றியும் மாற்றி மாற்றி, ஒரே வேளையில் 30 மீட்டர் ஓடவிட்டுச் சராசரி எடுங்கள். அன்று அவர் குதித்தாரா இல்லையா என்பது நேரம் எடுப்பவருக்குத் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது.